கங்கைக்கரைக்காரர் கொடுத்த கிணறு

அம்மா இங்கிலாந்துக்கு வந்திருந்த கோடையில், லண்டனில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, "கோட்டை, அரண்மனை எல்லாம் போதும்டா. சாதாரண ஜனங்க குடியிருக்கிற ஊர் ஒண்ணு காட்டு" என்று கேட்டாள். அப்போது எனக்கு ரெடிங் நகரத்தில் வேலை. அங்கிருந்து வடக்கே சில்டர்ன் குன்றுகளின் மேல், பீச் (beech) மரக் காடுகளுக்கு நடுவே ஸ்டோக் ரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூட்டிப்போனேன். ஒரு கிணறு பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். யார் கொடுத்த கிணறு என்று சொல்லவில்லை.

ஊர் என்றால் ஒரு நீளத் தெருவும் அதிலிருந்து பிரியும் சில சந்துகளும்தான். செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்து கட்டிய வீடுகள். அந்த வட்டாரத்தில் மண்ணைக் கிளறினால் சக்கிமுக்கிக் கல்தான் வரும், அதனால் சுவர் எழுப்பவும் அதுவே. 1840களில் கட்டிய புனித யோவான் தேவாலயமும் அந்தக் கல்லில்தான் நிற்கிறது. ஆயிரம் வருடக் கோயில்கள் நிறைந்த நாட்டில் இது நேற்றுக் கட்டியது மாதிரி. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

தெருவோரம் மரங்களுக்கு இடையில் திடீரென்று ஒரு குவிமாடம். வார்ப்பிரும்புத் தூண்களின் மேல், வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்து, உச்சியில் கூர்முனையோடு நிற்கிறது. தரையிலிருந்து 23 அடி உயரம். நாலு பக்கமும் திறந்த மண்டபம். உள்ளே பல்சக்கரங்களோடு ஒரு பெரிய ராட்டினம், அதன் தலைமேல் தங்க வண்ணத்தில் ஒரு யானை. தூண்களுக்கு மேலே வளையமாக ஓடும் ஆங்கில எழுத்துகளை அம்மா ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். காசி மகாராஜா இந்தக் கிணற்றைக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது.

"பெனாரஸ்னா காசிதானே?"

"காசியேதான்மா."

"காசி ராஜா இந்த ஊர்ல எதுக்குடா கிணறு வெட்டினார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கூட்டிப்போயிருந்தேன். ஆனால் அங்கேயே நின்று முழுக்கச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் ஏன் இல்லை என்பது. வரைபடத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது. தேம்ஸ் நதி வாலிங்ஃபோர்டு, கோரிங் பக்கம் தெற்கே இறங்கி, ரெடிங்கைத் தொட்டு, மறுபடி வடக்கே ஏறி ஹென்லிக்குப் போகிறது. அந்த வளைவுக்குள்ளே, மூன்று பக்கமும் ஆறு சூழ, நடுவில் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது ஸ்டோக் ரோ. எந்தப் பக்கம் நடந்தாலும் சில மைல்களில் ஆறு. ஆனாலும் ஊருக்குக் குடிதண்ணீர் கிடையாது. காரணம் காலடியில் இருக்கிறது. சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சுண்ணப்பாறை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி, தண்ணீரைப் பட்டவுடன் உறிஞ்சிவிடும். பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிப் போய் அடியில் எங்கோ தேங்கி, மலையடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்பும். அதனால் அடிவாரத்து ஊர்களுக்கு ஊற்று உண்டு, ஆற்றங்கரை ஊர்களுக்கு ஆறு உண்டு. மேட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஓடை இல்லாத மலை அது.

சில இடங்களில் சுண்ணப்பாறையின் மேல் களிமண் படிந்திருக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பக்கத்து ஊரான நெட்டில்பெட்டில் அந்தக் களிமண்ணை வைத்துக் காலம்காலமாகச் செங்கல் சுட்டார்கள். பழைய சூளை ஒன்று இன்றும் தெருவோரத்தில் புட்டி வடிவில் நிற்கிறது. களிமண் தோண்டிய குழிகளிலும் குட்டைகளிலும் தேங்கிய மழைத்தண்ணீர்தான் மேட்டு ஜனங்களுக்குச் சமையலுக்கும் குடிக்கவும். கோடையில் அதுவும் சேறாகிவிடும். அப்புறம் வண்டி கட்டிக்கொண்டு கீழே போய் எடுத்து வர வேண்டும், வண்டி இல்லாதவர்கள் நடக்க வேண்டும்.

தேவாலயம் ஏன் புதிது என்று சொல்கிறேன் என்றேனே. இந்தப் பகுதியில் பழைய காலத்துப் பங்குகளின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிகளின், எல்லைகளை நாடா மாதிரி நீளமாக வகுத்திருந்தார்கள். ஒரு முனை ஆற்றங்கரைப் புல்வெளியில், மறுமுனை மலைமேல் காட்டில். கீழே மேய்ச்சல், நடுவில் விளைநிலம், மேலே விறகு. ஒவ்வொரு பங்குக்கும் மூன்றும் கிடைக்கட்டும் என்ற ஏற்பாடு. ஸ்டோக் ரோ இப்படிப்பட்ட சில நாடாக்களின் வால்முனையில் வளர்ந்த குடியிருப்பு. பாதிரியார், பண்ணையார், கோயில் எல்லாம் கீழே ஆற்றோரம் இருந்தார்கள். மேலே இருந்தவர்கள் மரம் வெட்டுகிறவர்கள், செங்கல் சுடுகிறவர்கள், பீச் மரத்தில் நாற்காலிக் கால் கடைகிறவர்கள். ஊரின் தாகம் அவ்வளவு காலம் யார் காதிலும் விழாமல் போனதற்குச் சுண்ணப்பாறை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வால்முனையில் இருப்பவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு காரணம்.

திரும்பிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். பக்கத்து ஊரான இப்ஸ்டனில் 1807ல் பிறந்தவர், நாவலாசிரியர் சார்லஸ் ரீடின் அண்ணன். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் வங்காளத்துக்குப் போனவர், முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் இருந்தார். 1831ல் ஆசம்கரில் இருந்தபோது அந்த ஊர் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டினார். 1860ல் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, அந்தக் கிணறு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நண்பரான காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் கேட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ரீட் தன் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தையும் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு சம்பவம் இன்றுவரை ஸ்டோக் ரோவில் சொல்லப்பட்டு வருகிறது. ஒரு வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைச் சின்னப் பையன் ஒருவன் குடித்துவிட்டான். அதற்காக அவன் அம்மா அவனைப் போட்டு அடித்தாள். ரீட் அதைப் பார்த்திருக்கிறார்.

இந்த இடம் வரும்போது அம்மா முகம் மாறியது. "பாவம், அவளும் என்ன பண்ணுவா" என்றாள். பையனுக்காகத்தான் முதலில் வருத்தப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அம்மா வளர்ந்த வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குக் காவல் இருந்தவள் அவள்தான் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஈஸ்வரி பிரசாத் 1835ல் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய அரண்மனை ராம்நகரில், காசிக்கு எதிர்க்கரையில், கங்கையின் விளிம்பிலேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். 1862ல் இங்கிலாந்துக்கு ஏதாவது ஒரு தர்மம் செய்ய நினைத்தபோது அவருக்கு நினைவு வந்தது ரீட் ஆசம்கரில் வெட்டிய கிணறும், அவர் சொன்ன தாகக் கதையும். சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம், லண்டனில் பேர் எழுதிய ஒரு கட்டடம் எழுப்பலாம். அவர் கிணறு என்று முடிவு செய்தார். அதுவும் லண்டனில் இல்லை, யாரும் பெயர் கேட்டிராத ஒரு மலைக்கிராமத்தில். இந்தத் தேர்வுதான் எனக்கு அவர் மேல் மரியாதையை உண்டாக்குகிறது.

வேலை தொடங்கிய நாள் 1863 மார்ச் 10, இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ராவுக்கும் கல்யாணம் நடந்த நாள். ஊர் திரும்பியிருந்த ரீட் முன்னின்று நடத்தினார். வாலிங்ஃபோர்டின் வைல்டர் நிறுவனம் வேலையை எடுத்துச் செய்தது. கிணற்றின் வாய் அகலம் 4 அடி. ஆழம் 368 அடி. முழுக்க முழுக்கக் கையால் தோண்டியது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். நாலடி அகலத்தில் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து கடப்பாரையைப் பிடிக்கத்தான் இடம் இருக்கும். இன்னொருவர் பக்கத்தில் நிற்க முடியாது. வெட்டிய சுண்ணக்கல்லை வாளியில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். வாளி மேலே ஏறும்போது அதிலிருந்து ஒரு கல் தவறினால் தலைக்கு நேரே வரும், ஒதுங்க இடம் இல்லை. நூறு அடி தாண்டினால் பகல் வெளிச்சம் மேலே ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். முந்நூறு அடியில் அது ஒரு காசு. காற்றும் கெட்டுப் போகும். லண்டன் புனித பால் தேவாலயத்தின் உயரம் 365 அடி. அதைத் தலைகீழாக இந்தக் கிணற்றில் இறக்கினால் சிலுவை அடியைத் தொடாது, இன்னும் மூன்றடி இருக்கும். முந்தின வாரம்தான் அம்மா அந்தத் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றிருந்தாள். அதனால் அவளுக்கு இந்த ஒப்புமை உடனே பிடிபட்டது. ஒரு ஆளாக உள்ளே இறங்கி வெட்டினவர்கள் பேர் எந்தத் தூணிலும் இல்லை.

பதினான்கு மாதம் ஆயிற்று. 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளில் கிணறு திறக்கப்பட்டது. 353 பவுன் 13 ஷில்லிங் 7 பென்ஸ் செலவு என்று கணக்கு. தண்ணீர் பொதுவானது, யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்பது ஏற்பாடு. அதை நடத்தப் பணத்துக்கு என்ன வழி? அங்கேதான் இந்தக் கொடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கிணற்றை ஒட்டி நாலு ஏக்கர் நிலம் வாங்கி செர்ரி மரத்தோப்பு வைத்தார்கள். பழம் விற்ற காசில் கிணற்றைப் பராமரிக்க வேண்டும். காவலாளிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு. தோப்புக்குப் பெயர் இஸ்ரீ பாக், மகாராஜா பெயரால். தோப்புக்குள் மீன் வடிவத்தில் ஒரு குளம் வெட்டி அதற்கு மத்ஸ்யா என்று பெயர் வைத்தார்கள். கிணறு வெட்டுவது பெரிய காரியம்தான். அதைவிட அது வருஷா வருஷம் நடக்கிறதுக்கு வழி பண்ணி வைப்பது யோசனை உள்ளவர்கள் செய்கிற வேலை. நம் கோயில்களில் விளக்கெரிக்க நிலம் எழுதி வைத்தவர்களும் இதே முறையில்தான் யோசித்தார்கள்.

சரி, தண்ணீரை எப்படி இறைத்தார்கள்? அம்மா மண்டபத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து, அந்த ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு வாளி மேல வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம் ஆகுமாம்மா."

"நாப்பது அடிக் கிணத்துக்கே நமக்குக் கை காச்சுப்போகும். முந்நூத்தம்பது அடிக்கு மேல ஒரு பொம்பள எப்படிடா இறைச்சிருப்பா?"

பத்து நிமிஷம் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு வாளி. வாளி ஒன்றுக்கு 9 காலன், அதாவது சுமார் 40 லிட்டர். தண்ணீர் எடை மட்டும் 40 கிலோ, அதோடு வாளி, தொங்குகிற அத்தனை நீளக் கயிறு. பல்சக்கரங்கள் அதற்காகத்தான். அவை பாரத்தைக் குறைத்துக் கொடுக்கும், ஆனால் சுற்றுகிற தடவையைக் கூட்டிவிடும். பலம் இல்லாதவர்களும் இறைக்கலாம், பொறுமை வேண்டும். இரண்டு மைல் நடப்பதற்குப் பத்து நிமிஷம் சுற்றுவது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன். "அது சரி" என்றாள். ஆனாலும் அந்தக் கைப்பிடியை விட்டு அவள் கண் அகலவில்லை. யானையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அம்மா என்னைக் கைப்பிடியைப் படம் எடுக்கச் சொன்னாள்.

இனி சொல்லப்போவது இந்தக் கதையை அழகாக மட்டும் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் தொடாத பகுதி. மகாராஜாவும் ரீடும் நண்பர்களாக இருந்த அந்த வருடங்களுக்கு நடுவில் 1857 கிளர்ச்சி இருக்கிறது. மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றார். ரீட் ஆக்ராவில் மூத்த அதிகாரியாக இருந்து, துணை ஆளுநர் கோல்வின் இறந்தபோது கொஞ்ச காலம் அந்தப் பொறுப்பையும் பார்த்தார். அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான் காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் கர்னல் நீலின் கீழ் மக்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்றாரே, அதே நீல்தான். மதராஸ் படைப்பிரிவோடு காசிக்குப் போனவர். அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி 1927ல் சத்தியாகிரகம் நடந்தது. 1937ல் ராஜாஜி அரசு அதை அங்கிருந்து அகற்றியது. கிணறு வெட்டுவதற்குச் சற்று முன்னால், 1860–61ல், மகாராஜாவின் ஊருக்கு மேற்கே தில்லி, ஆக்ரா பக்கம் பெரும் பஞ்சம். 20 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தங்க யானையின் முன் நிற்பது எனக்கு லேசாக இல்லை. ஆளுகிறவர்களுக்கு விசுவாசத்தைக் காட்டக் கொடுத்த பரிசு என்ற ஒரு பக்கம் இதில் நிச்சயமாக உண்டு. தொடங்கிய நாளும் திறந்த நாளும் அரச குடும்பத்து நாட்களாகவே இருந்தது தற்செயல் இல்லை. 1882ல் மகாராணி ஒரு கொலை முயற்சியில் தப்பியபோது, அதைக் கொண்டாட மகாராஜா இந்த ஊர் மக்களுக்கு ரொட்டியும் தேயிலையும் சர்க்கரையும் கொடுத்து, மதியச் சாப்பாடும் போட்டார். ஆனால் அடி வாங்கிய அந்தப் பையனுக்கும் மரம் வெட்டுகிறவன் பெண்டாட்டிக்கும் சாம்ராஜ்யத்தில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், அது வந்தது. இரண்டில் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மகாராஜா இந்தக் கிணற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் தொடங்கி வைத்தது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. அடுத்த வருடம், 1865ல், ரீடின் சொந்த ஊரான இப்ஸ்டனிலேயே ராஜா தேவ் நாராயண் சிங் பெயரில் இன்னொரு கிணறு வந்தது. லண்டன் ஹைட் பார்க்கில் 1867ல் விஜயநகரம் மகாராஜா ஒரு குடிநீர் ஊற்று அமைத்தார். அப்போது மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த சமஸ்தானம் அது. அந்த ஊற்றை 1964ல் இடித்துவிட்டார்கள். ரீஜன்ட்ஸ் பார்க்கில் பம்பாய் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் 1869ல் கட்டிக் கொடுத்தது இன்றும் நிற்கிறது. வறண்ட நாடு என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து, மழை நாட்டுக்கு இத்தனை பேர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டோக் ரோ கிணறு எழுபது வருடத்துக்கு மேல் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. வீடுகளுக்குக் குழாய் வந்தது, இரண்டாம் உலகப் போர் வந்தது, இறைப்பு நின்றுபோயிற்று. 1961ல் எலிசபெத் ராணி காசிக்குப் போனபோது அன்றைய மகாராஜா இந்தக் கிணற்றின் சின்ன மாதிரி ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். 1964ல் கிணற்றுக்கு நூறு வயது ஆன விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார். காசியிலிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீரோடு கலந்தார்கள். அந்தச் செய்தியைச் சொன்னதும் அம்மா கிணற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் கும்பிட்டு முடிக்கும் வரை பேசாமல் நின்றார்.

திரும்பும்போது இப்ஸ்டன் வழியாக வந்தோம். ரோட்டோரம் கூரை வேய்ந்த அந்தச் சின்னக் கிணற்றையும் காரை நிறுத்திப் பார்த்தோம். மறுபடி காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்:

"அடி வாங்கினானே ஒரு பையன், கிணறு திறந்தப்போ அவன் பெரிய ஆளா ஆகியிருப்பான், இல்ல?"

"ஆகியிருப்பான்மா. ரீட் அதைப் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆயிருக்கும்."

"அப்ப அவன் பிள்ளைங்க குடிச்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவனே ராட்டினத்தைச் சுத்தி இறைச்சிக் கொடுத்திருப்பான், அவன் அம்மாவுக்கு" என்றாள்.